முன்கூட்டியே அச்சடித்த முதலிடம்

அவித்த முட்டையின் வாடை மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். வீட்டில் முட்டை அவியும்போது நான் மாடிக்கு ஏறிப்போய் நின்றுகொள்வேன், என் கணவர் அதை ஏதோ பிறவிக் கோளாறு என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பார். பிறவிக் கோளாறும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பத்தாம் வகுப்பு முழுக்க, பொழுது விடிந்தும் விடியாமலும் பள்ளிக்கூடத்தில் எங்கள் ஆறு பேருக்கு மட்டும் ஓடு உரித்த முட்டை ஒன்றும் ஒரு டம்ளர் பாலும் கொடுத்து, தின்று முடிக்கிறோமா என்று ஆயா பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருப்பாள், அதன் மிச்சம்தான் இது.

எங்கள் ஆறு பேருக்கும் 'ஸ்பெஷல் பேட்ச்' என்று பெயர். சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவில் இருந்த தனியார் பள்ளிக்கூடம் அது, தாளாளருக்குச் சிவகாசியில் பெரிய அச்சகம் இருந்ததால் ஆசிரியர்கள் உட்பட எல்லோருமே அவரை 'மொதலாளி' என்றுதான் சொல்வார்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளைச் சுற்றுவட்டாரத்துக் கிராமங்களில் தேடிப்பிடித்து, பீஸ் வாங்காமல் சேர்த்துக்கொள்வார். தாயில்பட்டிப் பக்கத்திலிருந்து நான் போனதும் அப்படித்தான். கோயில் கொடைக்கு நேர்ந்துவிட்ட கிடாய்க்கு அகத்திக்கீரை கட்டிப்போடுவார்களே, அந்தக் கவனிப்புத்தான் எங்களுக்கு நடந்தது என்று இப்போது தெரிகிறது. அப்போது தெரியவில்லை. அப்போது மற்ற பிள்ளைகளுக்குக் கிடைக்காத முட்டையைத் தின்பதில் எனக்குக் கொஞ்சம் திமிரே இருந்தது.

சரி, இவ்வளவு ஊட்டமாக வைத்திருந்தார்களே, என்னத்தைச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்கிறீர்களா? ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. பத்தாம் வகுப்புப் பாடத்தை ஒன்பதாம் வகுப்பிலேயே நடத்தி முடித்துவிட்டார்கள், ஒன்பதாம் வகுப்புப் பாடம் எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை, நாங்களும் அந்தப் புத்தகத்தைப் பிரித்ததில்லை. பத்தாம் வகுப்பில் ஜூன் மாதம் காலடி எடுத்து வைத்த நாளிலிருந்து பரீட்சை வரைக்கும் தினமும் 'ஸ்லிப் டெஸ்ட்'. எழுதியதையே எழுதி, திருத்தியதையே திருத்தி, அதே பக்கத்து அதே கணக்கை, மூச்சு விடுகிற மாதிரி யோசிக்காமல் எழுத வைத்தார்கள். தலைப்புக்குக் கறுப்பு மை, விடைக்கு அடியில் பென்சிலால் இரட்டைக்கோடு, ஓரத்தில் இத்தனை விரல்கடை இடம். அடிக்கோடு கோணினால் மறுபடியும் முழுத் தாளையும் எழுத வேண்டும். ஒரு பிள்ளைக்கு ஒரு விஷயம் தெரிந்துவிட்டது என்றால் அடுத்த விஷயத்துக்குக் கூட்டிப்போக வேண்டும் என்கிற சாதாரண நினைப்புகூட அந்தக் கட்டடத்தில் ஒருத்தருக்கும் வரவில்லை.

என்னத்தைச் சொல்ல, எனக்குக் கணக்கு அம்புட்டுப் பிடிக்கும். வடிவியலில் ஒரு தேற்றத்தைப் புத்தகத்தில் இருக்கிற வழியை விட்டுவிட்டு வேறு வழியில் ஒருநாள் முடித்துவைத்தேன், பாதிப் பக்கத்திலேயே முடிந்துவிட்டது. கணக்கு வாத்தியார் சந்தானம் சார் அதை இரண்டு தடவை படித்தார். சரியாக இருக்கிறது என்று வாயாலேயே சொன்னார். சொல்லிவிட்டு, அதன் மேல் சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு போட்டார். பரீட்சைத் தாள் திருத்துகிறவருக்கு யோசிக்க நேரம் இருக்காது, புத்தகத்தில் இருக்கிறபடி இல்லையென்றால் மார்க்கைக் குறைத்துவிட்டுப் போய்விடுவார் என்று விளக்கம் வேறு. சரியாகச் செய்ததற்கு அடி வாங்கிய மாதிரி இருந்தது. அன்றைக்கு மத்தியானம் நான் சாப்பிடவில்லை.

அம்மாவிடம் சொன்னால் அவளுக்கு இது புரியாது. அம்மா பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தாள், அவள் கையில் ஒட்டியிருந்த அலுமினியப் பவுடர் எத்தனை சோப்பு போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணை விட்டுப் போகாது. எங்கள் தெருவில் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் தீக்காயத்தோடு திரிந்தவர்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. "நீயும் இந்த வெடிமருந்துக்குள்ள கை வைக்கக் கூடாது, அம்புட்டுத்தான்" என்பாள். அதற்கு வழி மொதலாளி பள்ளிக்கூடம், அவர் சொல்கிறபடி கேட்க வேண்டும், முடிந்தது விஷயம். அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. அவளுடைய பயத்தை நன்றாகத் தெரிந்துகொண்டு அதை வைத்தே எங்களை ஆட்டிவைத்தவர்கள் மேல்தான் எனக்கு ஆத்திரம்.

அந்த வருஷத்தில் எனக்கென்று வாய்த்தது மூன்றே மூன்று நாள். அதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் டெஸ்ட்டெல்லாம் மொதலாளியின் அச்சகத்தில் கழித்துப் போட்ட தாளின் பின்பக்கத்தில்தான். ஒரு பக்கம் பட்டாசு லேபிளோ, காலண்டர் படமோ கோணல்மாணலாக அச்சாகியிருக்கும், மறுபக்கம் வெறுமையாக இருக்கும், அதில் நாங்கள் எழுதுவோம். ஐப்பசி மாதம் ஒரு காலையில் எனக்கு வந்தது சங்குசக்கரப் பெட்டிக்கு ஒட்டுகிற லேபிள் தாள். சதுரச் சதுரமான லேபிள், வரிசைக்கு எட்டாக எட்டு வரிசை. மெஷினில் மாட்டி, குறுக்குவாட்டில் எதிரெதிராக இருக்கிற இரண்டு மூலை லேபிளும் கிழிந்துபோயிருந்தன. மற்றவர்கள் எழுதிக்கொண்டிருக்க, நான் முன்னதாகவே முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். சந்தானம் சார் என்ன நினைத்தாரோ, என் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார், "ஏ தாயி, மூலை ரெண்டு போக மிச்சம் அறுபத்திரெண்டு லேபிள் இருக்கு. இத ரெண்டு ரெண்டு லேபிளா, ஒட்டினாப்புல இருக்கிற ஜோடியா வெட்டணும். ஒண்ணுகூடத் தனியா மிஞ்சக் கூடாது. முடியுமா?"

இதென்ன பிரமாதம், அறுபத்திரண்டில் பாதி முப்பத்தொன்று, முப்பத்தொரு ஜோடி வந்துவிடும் என்று நினைத்தேன். தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் வெட்டினேன். கடைசியில் இரண்டு லேபிள் தனித்தனியாக மிஞ்சின. குப்பையிலிருந்து அதே மாதிரித் தாள் இன்னும் நாலைந்து பொறுக்கிவந்து, மூலைகளை நானே வெட்டி எடுத்துவிட்டு, குறுக்காக வெட்டிப் பார்த்தேன், நெடுக்காக வெட்டிப் பார்த்தேன், சுற்றிச் சுற்றி வெட்டிப் பார்த்தேன். எப்போதும் இரண்டு மிஞ்சியது. பள்ளிக்கூட வேனில் போகும்போது அதே நினைப்பு, பல் தேய்க்கும்போது அதே நினைப்பு. முட்டையைத் தின்றேனா இல்லையா என்றுகூட அந்த மூன்று நாளும் நினைவில் இல்லை. விடை எந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் இல்லை என்பதே எனக்குப் பயமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம், வெட்டுகிறதை நிறுத்திவிட்டு ஒரு தாளின் பின்பக்கத்தில் எட்டுக்கு எட்டுக் கட்டம் போட்டு, ஒரு கட்டம் விட்டு ஒரு கட்டமாகப் பென்சிலால் தீட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று தெரிந்துவிட்டது. எதிரெதிர் மூலைகள் இரண்டுமே தீட்டாத கட்டங்கள். அவை போய்விட்டால் தீட்டியது முப்பத்திரண்டு, தீட்டாதது முப்பது. ஒட்டிக்கொண்டிருக்கிற ஜோடியை எங்கே வெட்டினாலும் அதில் தீட்டியது ஒன்று, தீட்டாதது ஒன்று என்றுதான் வரும். அப்படியானால் கடைசியில் தீட்டிய கட்டம் இரண்டு மிஞ்சியே தீரும். யார் வெட்டினாலும், எத்தனை வருஷம் வெட்டினாலும் முடியவே முடியாது. அடுப்படியில் இருந்த அம்மாவிடம் ஓடிப்போய் "முடியாதும்மா, முடியாது" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் பதறிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மறுநாள் சந்தானம் சாரிடம் தாளைக் காட்டினேன். முடியும் என்று செய்துகாட்ட நூறு பேர் இருக்கிறார்கள், முடியாது என்று நிரூபிக்கிறதுதான் கணக்கு என்று சொன்னார். அடுத்த மாதம் மதுரையில் ஒரு கல்லூரியில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டி நடக்கிறது, இந்த மாதிரிக் கணக்குகள்தான் கேட்பார்கள், உன்னை நானே பஸ்ஸில் கூட்டிப்போகிறேன் என்றார். அவருடைய முகம் அப்படி மலர்ந்து நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. போட்டிக்கான படிவத்தில் தாளாளர் கையெழுத்து வேண்டும். அது ஒன்றுதான் பாக்கி.

ஆனால் அந்த மூன்று நாளில் நான் எழுதிய ஒரு ஸ்லிப் டெஸ்ட்டில் இருபத்தைந்துக்கு இருபத்திரண்டுதான். 'ஸ்பெஷல் பேட்ச்' மார்க்கெல்லாம் அன்றன்றைக்கே மொதலாளிக்குப் போய்விடும். சந்தானம் சாரைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார், சார் லேபிள் கணக்கைச் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு படிவத்தைப் பற்றிச் சார் வாயே திறக்கவில்லை. நான் இரண்டு தடவை கேட்டேன். மொதலாளி மேசையில் இருக்கிறது என்றார், பார்க்கலாம் என்றார். பிறகு நான் வருவதைப் பார்த்தாலே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது என்னையும் அம்மாவையும் சிவகாசியில் இருந்த அச்சகத்துக்கு வரச் சொன்னார் மொதலாளி. கையெழுத்துப் போடத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டு போனேன். அம்மா அரை நாள் லீவு சொல்லிவிட்டு, கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். உள்ளே கூட்டிப்போய், கட்டுக்கட்டாக அடுக்கியிருந்த சுவரொட்டிகளில் ஒன்றை உருவிக் காட்டினார். அதில் நான் இருந்தேன். நான்கு வண்ணத்தில், மாலையெல்லாம் போட்டு, முகம் முழுக்கச் சிரிப்பாக. ஆண்டு விழாவில் எடுத்த படம், மாலை அவர்கள் சேர்த்தது. மேலே கொட்டை எழுத்தில் 'மாவட்டத்தில் முதலிடம்'. கீழே மார்க் போடுகிற இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது.

பரீட்சைக்கு இன்னும் நாலு மாதம் கிடக்கிறது! வேறு ஊரில் சொன்னால் நம்ப மாட்டார்கள், சிவகாசிக்காரர்களுக்கு இதில் ஆச்சரியமே இருக்காது. காலண்டர் அட்டைக்கு அங்கே அப்படித்தான், சாமி படத்தை வண்ணத்தில் ஆயிரக்கணக்கில் முதலில் ஓட்டி அடுக்கிவிட்டு, ஆர்டர் வர வர எந்தக் கடையோ அந்தக் கடையின் பெயரைக் கறுப்பில் அடித்துக்கொடுப்பார்கள். ரிசல்ட் வருகிற நேரத்தில் மெஷினெல்லாம் நோட்டுப் புத்தக சீசனில் மாட்டிக்கொள்ளும், அதனால் வண்ண வேலையை இப்போதே முடித்துவிட்டேன், மார்க்கை மட்டும் அன்றைக்கு அடித்து மத்தியானத்துக்குள் ஊர் முழுக்க ஒட்டிவிடலாம் என்று விளக்கினார். மெஷின் ஓட்டுகிறவர், எத்தனாவது இடம் என்பதையும் வெள்ளையாக விடலாமே மொதலாளி என்று சொல்லிப் பார்த்தாராம். முதலிடம் இல்லாமல் சுவரொட்டி எதற்கு என்று கேட்டாராம் இவர். அதைப் பெருமையாக எங்களிடமே சொன்னார். அம்மா அந்தத் தாளைத் தொடாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து குனிந்து பார்த்தாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

நான் மதுரைப் போட்டியைப் பற்றிக் கேட்டேன். எப்படித்தான் எனக்கு அந்தத் தைரியம் வந்ததோ. மொதலாளி கோபப்படவில்லை, சிரித்தார்.

"அதுல ஜெயிச்சா பத்தாங்கிளாஸ் மார்க்ல சேத்துக்கிடுவாகளா?"

"இல்லைங்க மொதலாளி."

"அப்புறம் எதுக்குத் தாயி அது?"

அவ்வளவுதான். அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள், நான் வாயை மூடிக்கொண்டேன். பள்ளிக்கூடம் நடத்துகிற ஒரு மனுஷன், ஒரு பிள்ளைக்கு மூளை வேலை செய்கிறது என்று தெரிந்த பிறகும், அது எதற்கு என்று கேட்டார். சீ! இத்தனை வருஷம் கழித்தும் அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது. போட்டி நடந்த ஞாயிற்றுக்கிழமை நான் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து, சமூக அறிவியலில் முதல் ஐந்து பாடத்தைப் பத்தாவது தடவையாக எழுதிக்கொண்டிருந்தேன்.

ரிசல்ட் வந்தது. மாவட்டத்தில் நான்காவது. இன்றைக்கு நினைத்துப் பார்த்தால் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறவள் பெற்ற பிள்ளை மாவட்டத்தில் நான்காவதாக வந்தது எம்புட்டுப் பெரிய காரியம்! அன்றைக்கு ஒருத்தர் முகத்திலும் ஈ ஆடவில்லை. ஊரில் யாரும் மிட்டாய் கொடுக்கவில்லை. நானும் அம்மாவும் மொதலாளியைப் பார்க்கப் போனோம். அவர் திட்டியிருந்தாலாவது பரவாயில்லை, போன் பேசிக்கொண்டே எங்களை நிற்க வைத்தார். கடைசியில் அம்மாதான் பேசினாள். "மன்னிச்சுக்கிடுங்க மொதலாளி. உங்க தாளெல்லாம் எம்பிள்ளையால வீணாப் போச்சு" என்றாள்.

என் தாய் மன்னிப்புக் கேட்டாள். நான்காவதாக வந்ததற்கு. அவர் அதையும் ஏற்றுக்கொள்கிற மாதிரித் தலையை ஆட்டினார்.

அந்தச் சுவரொட்டிக் கட்டுகள் எங்கே போயின என்று நான் சொல்லவும் வேண்டுமா? அடுத்த வருஷத்து 'ஸ்பெஷல் பேட்ச்' பிள்ளைகள் என் முகத்துக்குப் பின்பக்கம்தான் ஸ்லிப் டெஸ்ட் எழுதினார்கள். எங்கள் தெருப் பிள்ளை ஒருத்தி ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டிச் சிரித்தாள். நான் அதற்குள் சாத்தூரில் அரசுப் பள்ளியில் சேர்ந்திருந்தேன். இந்த மார்க்குக்கு முதல் குரூப்பே எடுக்கலாமே என்று அங்கிருந்த டீச்சர் எவ்வளவோ சொன்னார்கள். கணக்கு இல்லாத குரூப் எது என்று கேட்டு அதில் சேர்ந்தேன். கணக்கு நோட்டைத் தொடவே பிடிக்காத காலம் அது. சந்தானம் சார் கொஞ்ச வருஷத்தில் வேலையை விட்டுவிட்டு டியூஷன் சென்டர் வைத்தார் என்று கேள்விப்பட்டேன். அங்கேயும் தினமும் ஸ்லிப் டெஸ்ட்தானாம், கூட்டம் தாங்கவில்லையாம்.

இப்போது நான் விருதுநகரில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். இந்த வேலைக்கான தேர்வையும் மனப்பாடம் செய்துதான் எழுதினேன், அதில் மட்டும் எனக்குப் பயிற்சி குறைவில்லை. அம்மா ஆசைப்பட்டபடி நான் மருந்துக்குள் கை வைக்கவில்லை. மொதலாளி போய்ச் சேர்ந்துவிட்டார், பள்ளிக்கூடம் கைமாறிவிட்டது, மாவட்டத்தில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கிற வழக்கத்தையே அரசாங்கம் எடுத்துவிட்டது. நல்லது, ஒழிந்தது என்று நானும் சந்தோஷப்பட்டேன். ஒரு கணக்கை வைத்துக்கொண்டு மூன்று நாள் சோறு தண்ணி மறந்து உட்கார்ந்திருந்த அந்தப் பிள்ளையும் அதோடு சேர்ந்து போய்விட்டாள் என்பதுதான் எனக்குத் தீராத வயிற்றெரிச்சல். இப்போது ஒரு குறுக்கெழுத்துப் போட்டியை முடிக்கக்கூட எனக்குப் பொறுமை இல்லை.

என் மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். இங்கே நல்ல பெயர் எடுத்த பள்ளிக்கூடம்தான், அடிக்கிறது கிடையாது, முட்டை கொடுக்கிறதும் கிடையாது, வகுப்புக்கு வகுப்பு பெரிய டிவி மாட்டியிருக்கிறார்கள். போன வாரம் பெற்றோர் கூட்டத்துக்குப் போனேன். டீச்சர் சின்னப் பெண், தங்கமான குணம். உங்கள் பிள்ளையைப் பற்றிச் சொல்லக் குறையே இல்லை, எது கொடுத்தாலும் எல்லோருக்கும் முன்னால் முடித்துவிட்டு, சத்தம் போடாமல் கையைக் கட்டி உட்கார்ந்திருப்பாள் என்று பாராட்டினாள். பெற்றவளுக்கு மனசு குளிர வேண்டும்தானே? எனக்குக் குளிரவில்லை. முடித்த பிறகு அவளுக்கு என்ன கொடுப்பீர்கள் என்று கேட்டேன். டீச்சருக்கு என் கேள்வியே புரியவில்லை.

"அதான் முடிச்சுட்டாளே மேடம். இன்னும் என்ன குடுக்கணும்?"

மற்ற பெற்றோர் பின்னால் வரிசையில் நின்றார்கள். கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் நானும் போட்டுவிட்டு எழுந்துவந்தேன். சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை.

வீட்டுக்கு வருகிற வழியில் வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்தவளிடம், முடித்துவிட்டு அவ்வளவு நேரமும் சும்மா கையைக் கட்டிக்கொண்டா உட்கார்ந்திருப்பாய் என்று கேட்டேன். முதலில் அப்படித்தான் இருந்தாளாம், அப்படி இருந்தால் நேரம் போகவே மாட்டேன் என்கிறதாம்.

"இப்பல்லாம் சரியாப் போட்டதையே ரப்பர் வச்சு அழிச்சுட்டு, மறுபடியும் மொள்ளமா எழுதுவேம்மா. பெல் அடிக்கிற வரைக்கும்."